பந்தயக் காரை விட்டு வேனைப் பிடித்த கதை

ராலி பந்தய அணிகளின் உதவி வேன்களைச் சிறு மாதிரிகளாகச் சேகரிக்கிறவன் நான். முதல் வேனை 4 யூரோவுக்கு வாங்கினேன். அதன் பிறகு செலவழித்ததை என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் கூட்டுத்தொகையை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

பாரிஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் ஊரில் செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதியை அடைத்துப் பழம்பொருள் சந்தை போடுவார்கள். 'வீட் கிரெனியே' என்று பெயர். பரணைக் காலி செய்வது என்று அர்த்தம். மனைவி கனமான அடிப்பாகம் உள்ள வாணலி தேடிக்கொண்டிருந்தாள். நான் சும்மா பின்னால் நடந்தேன். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பத்துப் பதினைந்து சிறிய கார்களுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு ரெனோ எஸ்டஃபெட் வேன் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கூரையில் நாலு டயர், பக்கவாட்டில் 'அல்பீன்' என்ற பிரெஞ்சுப் பந்தயக் கார் நிறுவனத்தின் பெயர், வெள்ளை எழுத்தில்.

நான் பார்சல் வேன் ஓட்டுகிறவன். பத்தொன்பது வருடமாக அதே வேலை. புதுச்சேரியிலிருந்து வந்து முதலில் கிடைத்த வேலையும் இதுதான், இன்றுவரை செய்வதும் இதுதான். பந்தயக் கார் என்றால் அடுத்தவன் சொத்து. வேன் என்றால் என் முதுகுவலி. அதனால்தானோ என்னவோ, அந்த டப்பாவில் கிடந்த சிவப்பு ஃபெராரியை விட்டுவிட்டு நீல வேனை எடுத்தேன். எஸ்டஃபெட்டில் ஓட்டுநர் பக்கக் கதவு கீலில் திறக்காது, தள்ளித் திறப்பது. நெருக்கமான தெருவில் ஒரு நாளைக்கு எண்பது முறை இறங்கி ஏறுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். 1959-லேயே ரெனோக்காரர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் முதல் முன்சக்கர இயக்க வண்டியும் அதுதான்.

இந்த உதவி வேன்கள் என்ன செய்தன என்று தெரியாமல் மாதிரியை வாங்கினால் அது வெறும் பொம்மை. ராலி என்பது ஒரே தடத்தில் சுற்றுவது அல்ல. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, மலை ஏறி இறங்கி, இரவும் பகலுமாக ஓடுவது. நடுவில் நேரம் அளக்கும் பகுதிகள். கார் அந்தப் பகுதியை முடித்து வெளியே வரும் இடத்தில் வேன் நிற்க வேண்டும்; டயர், கியர் பெட்டி, பெட்ரோல் டின், ஜாக்கி, வெல்டிங் சாமான் எல்லாம் அதற்குள். சில நிமிடங்களில் வேலையை முடித்துக் காரை அனுப்பிவிட்டு, வேறு வழியாகப் போய்க் காருக்கு முன்னால் அடுத்த இடத்தில் நிற்க வேண்டும். மோன்தே கார்லோ ராலி ஜனவரியில் நடப்பது. மலையடிவாரத்தில் காய்ந்த தார், 1,607 மீட்டர் உயரமுள்ள தூரினி கணவாயில் பனிக்கட்டி. ஒரே இரவுக்குள் மழை டயர், ஆணி டயர் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனையும் சுமந்து அதே வழுக்குச் சாலையில், காரின் கால்வாசி பலம்கூட இல்லாத எஞ்சினோடு போனவை இந்த வேன்கள். எஸ்டஃபெட்டின் முதல் எஞ்சின் 845 சி.சி.

1973 மோன்தே கார்லோவில் முதல் மூன்று இடங்களையும் அல்பீன் ஏ110 கார்கள் பிடித்தன. முதலில் வந்த காரை ழான்-குளோத் ஆந்த்ருவே ஓட்ட, 'பீஷ்' என்று எல்லாரும் அழைத்த மிஷேல் பெத்தி பக்கத்தில் இருந்து வழி சொன்னார். அந்த வருடம் முதன்முறையாக நடந்த உலக ராலி சாம்பியன் பட்டமும் தியெப் ஊரிலிருந்த அல்பீனின் சிறிய தொழிற்சாலைக்கே போனது. அந்தக் காரின் மாதிரி நூறு விதத்தில் கிடைக்கும். வேனைத் தேடினால்தான் கஷ்டம். பழைய படங்களில் பார்த்தால் காரும் ஓட்டுநரும் நடுவில் இருப்பார்கள். வேன் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும்.

அந்தப் பாதியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கிழவர். ஞாயிறு காலைகளில் பாரிஸின் வான்வ் பழம்பொருள் சந்தையில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற மெக்கானிக், எந்த நிறுவனத்தில் என்று கடைசிவரை சொல்லவில்லை. என் நீல எஸ்டஃபெட்டைப் பெருமையோடு அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"மிசியே, உங்கள் வேனுக்குக் கண் தெரியாது."

எனக்குப் புரியவில்லை.

"விளக்கு வெள்ளையாக இருக்கிறது. எங்கள் காலத்தில் பிரான்ஸில் வெள்ளை விளக்கோடு போனால் போலீஸ்காரன் நிறுத்துவான். மஞ்சள். எல்லாமே மஞ்சள்."

உண்மைதான். 1930-களின் கடைசியிலிருந்து 1993 வரை பிரெஞ்சு வண்டிகளின் முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். பத்தொன்பது வருடம் இந்த நாட்டில் வண்டி ஓட்டியும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை, நான் வந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து எந்த மாதிரியைக் கையில் எடுத்தாலும் முதலில் விளக்கைத்தான் பார்க்கிறேன். (விளக்கைச் சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1966 மோன்தே கார்லோவில் முதல் மூன்று இடங்களில் வந்த மினி கார்களை முகப்பு பல்பு விதிப்படி இல்லை என்று வெளியேற்றிவிட்டு, பாவ்லி தோய்வோனெனின் சித்ரோயன் டிஎஸ் காருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.)

விளக்கைச் சரிசெய்வது சுலபம். ஒளி ஊடுருவும் மஞ்சள் வண்ணம் ஒரு சிறு குப்பி, ஒரு பல்குத்தும் குச்சி. குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து விளக்கின் நடுவில் வைத்தால் அதுவே ஓரம்வரை பரவி நிற்கும். தூரிகையால் பூசினால் கோடு தெரியும். பக்கத்தில் இருக்கும், வண்டியை நிறுத்தி வைக்கும்போது எரியும் சின்ன விளக்குக்கு மஞ்சள் கிடையாது, அதைத் தொடக் கூடாது. நான் முதல் தடவை தொட்டுவிட்டேன்.

அடுத்த பாடத்துக்கு 65 யூரோ கட்டணம். ரெசின் என்ற செயற்கைப் பிசினில் செய்த, முந்நூறு பிரதிகள் மட்டும் என்று அச்சிட்ட ஓர் எஸ்டஃபெட். பெட்டியில் '1962' என்று இருந்தது. கதவில் 'எல்ஃப்' எண்ணெய் நிறுவனத்தின் முத்திரை. வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்து ஒரு வாரம் ரசித்த பிறகுதான் உறைத்தது, எல்ஃப் என்ற பெயரே 1967 ஏப்ரலில்தான் பிறந்தது. பிறக்காத நிறுவனத்தின் பெயரை ஐந்து வருடம் முன்னாலேயே எழுதிக்கொண்டு எந்த வேனும் போயிருக்க முடியாது. விற்றவருக்கு எழுதினேன். "அழகாகத்தானே இருக்கிறது" என்று பதில் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. கீழ்த்தட்டில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்படிச் சில தேதிகளை மனப்பாடம் செய்துகொண்டால் பெட்டியில் அச்சிட்டதை நம்பி ஏமாற வேண்டியதில்லை. ரெனோவின் கோடு கோடான வைரச் சின்னம் ஓவியர் வாசரெலி வரைந்தது, 1972-இல் வந்தது. அது இருந்தால் வேன் அதற்குப் பிந்தியது. சித்ரோயன் எச் வேனில் முன்கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருந்தால் 1964-க்கு முந்தியது. பின் சக்கரத்துக்கு மேலுள்ள காப்பு அரைவட்டமாக இருந்தால் 1969-க்கு முன், சதுரமாக இருந்தால் பின். செலவைக் குறைக்க ஒரே அச்சில் வார்த்துவிட்டு அதன் மேல் எல்லா வருடத்துப் படத்தையும் ஒட்டுகிற வழக்கம் தயாரிப்பாளர்களிடம் உண்டு. 1972-ஆம் வருட ராலி என்று பெட்டியில் இருக்கும், கண்ணாடி பிளந்திருக்கும். பழைய வேனையே தொடர்ந்து ஓட்டியிருக்கலாமே என்று விற்பவர் சொல்வார். ஓட்டியிருக்கலாம்தான், சிறிய அணிகள் அப்படித்தான் ஓட்டின. படம் காட்டச் சொல்லுங்கள். படம் இருந்தால் வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எண் பலகை. பழைய பிரெஞ்சுப் பலகையில் இலக்கங்கள், எழுத்துகள், கடைசியில் மாவட்ட எண். 76 என்றால் தியெப் இருக்கும் செய்ன்-மாரித்திம், ஆக அல்பீன் தொழிற்சாலையின் சொந்த வேன். 75 என்றால் பாரிஸ். ரெனோ தலைமையகம் பாரிஸை ஒட்டிய பியான்கூரில் இருந்ததால் அந்த வண்டிகளுக்கு 92 என்று நினைப்போம். ஆனால் 92, 93, 94 என்ற மாவட்டங்கள் 1968 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தன. அதுவரை பியான்கூரும் 75-க்குள்தான். இன்னும் வேடிக்கை, அல்ஜீரியா பிரான்ஸின் கையில் இருந்த காலத்தில் 92 என்பது ஓரானுக்கும் 93 என்பது கான்ஸ்தாந்தீனுக்கும் உரிய எண்கள். 1968-க்கு முந்திய வேன் என்று சொல்லி 92 போட்டிருந்தால், அது ஓரானிலிருந்து கப்பலில் வந்து டயர் மாற்றியிருக்க வேண்டும். நான் குடியிருப்பதும் 93-தான். சொந்த மாவட்டத்தின் வயதை எண் பலகையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

சித்ரோயன் எச் வேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1947-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள், 1981 வரை செய்தார்கள். உடம்பு முழுக்கத் தகரக் கொட்டகை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். மெல்லிய தகடு, மடித்தால் விறைப்பு. ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்களில் பார்த்துப் பழகிய வித்தை. தரை தாழ்வு, உள்ளே நின்று வேலை செய்யலாம், பின்பக்கம் டயரை உருட்டி ஏற்றலாம். ஏழை அணிகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, காவல்துறை எல்லாரிடமும் இருந்தது. பழைய வேனை மலிவாக வாங்கி அணியின் நிறத்தைப் பூசினால் உதவி வண்டி தயார்.

மாதிரியில் இந்த மடிப்புதான் எமன். எழுத்து ஒட்டிய தாளை நீரில் நனைத்து நழுவவிடும் 'டெக்கால்' முறையில், படம் மடிப்பின் மேடுகளை மட்டும் பிடித்துக்கொண்டு பள்ளங்களில் கூடாரம் போல நிற்கும். வெளிச்சத்தில் வெள்ளி மினுங்கும். டெக்காலை இளக்கும் திரவம் தனியாக விற்கிறார்கள். அதைத் தடவினால் படம் முதலில் அசிங்கமாகச் சுருங்கும், பார்த்தவுடன் கையை வைத்து நீவத் தோன்றும். வைக்கக் கூடாது. எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தால் அதுவே இறங்கிப் படிந்திருக்கும். மூன்று தாள்களை வீணாக்கிய பிறகு இந்தக் காப்பி வைத்தியம் கண்டுபிடித்தேன். நிஜ வேன்களில் பலர் மடிப்பின் மேல் தட்டையான பலகை அறைந்து அதில்தான் எழுதினார்கள். அவர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கும்.

நானே டெக்கால் ஒட்டுவது மோசடி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சேகரிப்பவர்களிடம் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது கோட் 1, அதாவது குறியீடு 1. தயாரிப்பாளரின் அனுமதியோடு வேறொருவர் மாற்றியது கோட் 2. வீட்டில் உட்கார்ந்து யாரோ மாற்றியது கோட் 3. பந்தய உதவி வேன்களில் பாதிக்கு மேல் நான் பார்த்தவை கோட் 3-தான். ஒரு ரொட்டிக்கடை வேனை யாரோ ஒருவர் பொறுமையாகப் பெயின்ட் அடித்திருப்பார். அதில் தப்பில்லை. கோட் 3 என்று சொல்லி அந்த விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான். என் வேலைகளின் அடியில் தேதியையும் '3' என்ற எண்ணையும் சிறிதாக எழுதிவிடுகிறேன். நான் போன பிறகு என் பிள்ளைகள் தெரியாமல் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது.

கோட் 3-ஐ கோட் 1 என்று விற்பவர்களைக் கண்டுபிடிக்க வண்டியைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். அடித்தட்டைப் பிடித்திருக்கும் ஆணித்தலை துளைக்கப்பட்டோ, அதன் மேல் புதிய பசையோ இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கூரையின் உள்பக்கம் வேறு நிறம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளியே நீலம், உள்ளே அஞ்சல் துறை மஞ்சள் என்றால் கதை முடிந்தது. டிங்கி போன்ற பழைய பொம்மைக் கார்களில் அட்டைப்பெட்டிக்கே பாதி விலை. பெட்டியை மட்டும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். புற ஊதா டார்ச்சில் புதிய அட்டை நீலமாகப் பளீரென்று ஒளிரும், பழையது மங்கலாக இருக்கும். வெளிச்சத்தில் அதைச் செய்ய முடியாது. நான் குளிர் அங்கியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பார்ப்பேன். சந்தையில் சிரிப்பார்கள்.

இனி நான் கெடுத்த கதைகள்.

வெந்நீரில் சோப்புப் போட்டு ஒரு பெஜோ ஜே7 வேனைக் கழுவினேன். தூசி போனது. கூடவே இடது பக்க எழுத்தும் போனது, பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகட்டியில் 'மிஷ்லின்' என்று சுருண்டு கிடந்தது. இப்போது மென்மையான ஒப்பனைத் தூரிகை மட்டும், காய்ந்த நிலையில். மனைவியிடம் கேட்காமல் எடுத்ததால் வந்த சண்டை தனிக் கதை.

மிருதுவான டயர்களை பிளாஸ்டிக் மேடையின் மேல் வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தால், டயரை மிருதுவாக்கச் சேர்த்த பொருள் கசிந்து மேடையைத் தின்றுவிடும். நாலு சக்கரமும் குழியில் புதைந்து நின்ற ஒரு வேனைப் பிடுங்கியபோது டயரின் தோல் மேடையோடு போயிற்று. இப்போது அச்சுக்கு அடியில் சிறிய மரத்துண்டு கொடுத்துச் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்துகிறேன். பஞ்சு போன்ற நுரை ரப்பரில் சுற்றி வைப்பதும் கூடாது, அது வயதானால் பொடிந்து பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத் தாள் போதும்.

மிகப் பெரிய முட்டாள்தனம் பனி. தூரினி கணவாய் காட்சி ஒன்று செய்தேன். அட்டையில் மலை, பாசியில் மரம், நடுவில் உதவி வேன், பனிக்குச் சமையல் சோடா. முதல் மாதம் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். குளிர்காலம் முடிவதற்குள் பனி மஞ்சளானது, ஈரம் இழுத்தது. வேனின் அடித்தட்டில் வெள்ளைப் பூஞ்சை போல அரிப்பு. பனிக்கென்று விற்கும் நுண்ணிய கண்ணாடித் துகள் விலை அதிகம்தான், ஆனால் வேனைவிட மலிவு. தூவும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இதில் நம் கையில் இல்லாத கேடுகளும் உண்டு. பழைய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையோடு ஈயம் கலந்துவிட்டால் உலோகமே உள்ளிருந்து வெடித்துப் பொடியாகும், மருந்து கிடையாது. தயாரிப்பாளர்களில் நோரேவ் லியோனுக்குப் பக்கத்தில் வில்லர்பானில் வெரோன் சகோதரர்கள் 1946-இல் தொடங்கியது. வெரோன் என்ற பெயரைப் பின்னாலிருந்து படித்தால் நோரேவ். அதே குடும்பத்து எமில் வெரோன்தான் பிறகு மஜோரெத் என்ற பொம்மைக் கார் நிறுவனத்தைத் தொடங்கினார். நோரேவின் ஆரம்பகாலப் பிளாஸ்டிக் வண்டிகள் காலப்போக்கில் வெயிலில் வைத்த அப்பளம் போல வளைந்துவிடும். வளைந்ததை வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம் என்று சொல்வார்கள். வெந்நீரோடு எனக்குள்ள உறவை மேலே சொல்லிவிட்டேன், நான் முயற்சி செய்யவில்லை.

அளவு விஷயத்தில் ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது. நான் 1/43, அதாவது நிஜத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. 'ஓ' என்ற அளவுப் பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் நிற்கத் தோதாக வந்த அளவு அது. சுமார் நாலே கால் மீட்டர் எச் வேன் பத்து சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். ஒரு புத்தகத் தட்டில் எட்டு வேன் நிற்கும். 1/18-இல் ஒரு வேனே ஷூ பெட்டியளவு. அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறவன் அந்த ஆசையை முளையிலேயே கிள்ள வேண்டும். பணத்துக்கு என் விதி, மாதம் ஒன்று, 25 யூரோவுக்குள். ஒரு தட்டில் ஒன்பதாவது வந்தால் பழையது ஒன்று போக வேண்டும். இந்த விதி மனைவியுடையது, நான் என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன்.

"இது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறதே?" என்று போன மாதம் ஒன்றைப் பார்த்துக் கேட்டாள்.

"அது 75, இது 76."

எடுத்துப் பார்த்தாள். பலகை இரண்டு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. "விளக்கு வெள்ளையாக இருக்கிறது" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வான்வ் கிழவரை இந்தக் குளிர்காலத்தில் பார்க்கவில்லை. அவருடைய இடத்தில் ஒரு பெண் பழைய கரண்டிகள் விற்கிறாள். வருகிற ஞாயிறு அமியேன் பக்கம் ஒரு கிராமத்தில் சந்தை. ஒருவர் பெஜோ ஜே7 வைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறார்: ஒரு டயர் இல்லை, கூரையில் கீறல், 18 யூரோ கேட்கிறார். எண் பலகை 25 என்று முடிந்தால் அது சோஷோ தொழிற்சாலை இருக்கும் தூப் மாவட்டம், பெஜோவின் சொந்த வேனாகச் செய்தது. படத்தில் கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் அவர் கட்டை விரல் இருக்கிறது. விரலை எடுத்து இன்னொரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழு மணிக்குக் கிளம்பினால் சந்தை கூடும் நேரத்துக்குப் போய்விடலாம்.